கண்ணுக்குக் கீழே ஒரு மிளகளவு

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து போனாலும் "உடம்பு சரியில்லையா?" என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். கண்ணுக்குக் கீழே தோல் வறண்டு, சிரித்தால் பொடிப்பொடியாகக் கோடு விழுகிறது. கருமையும் இருக்கிறது. கையைக் கடிக்கும் விலையில் ஒரு கண் கிரீம் வாங்கி ஆறு வாரம் பூசினேன். பெரிய மாற்றம் இல்லை. போதாக்குறைக்கு இரவில் கண் எரிந்து தண்ணீர் வடிகிறது. முகத்துக்குப் பூசும் சாதாரண கிரீமையே கண்ணுக்குக் கீழும் பூசலாமா? விலை குறைந்த கண் கிரீம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பூசுவது? மிச்சம் இருக்கும் அந்த விலை உயர்ந்த டப்பாவை என்ன செய்வது? இரண்டு புகைப்படங்கள் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தைப் படிப்பதற்கு முன் உங்கள் படங்களைத்தான் பார்த்தேன். ஒன்றில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொன்றில் கூரை விளக்குக்கு நேர் கீழே நிற்கிறீர்கள். அதே தோடு, அதே உடை, காதோரம் பிரிந்து தொங்கும் அதே முடிக்கற்றை. சில நிமிட இடைவெளியில் எடுத்தவை என்று தெரிகிறது. விளக்கடியில் எடுத்த படத்தில், கண்ணின் உள்முனையில் தொடங்கிக் கன்னத்தை நோக்கிச் சரியும் ஒரு கரும்பிறை இருக்கிறது. ஜன்னல் படத்தில் அந்தப் பிறையில் பாதியைக் காணவில்லை. இடையில் நீங்கள் எதையும் பூசியிருக்க மாட்டீர்கள். வெளிச்சம் மேலிருந்து விழாமல் முன்னாலிருந்து விழுந்தது, அவ்வளவுதான்.

காணாமல் போன அந்தப் பாதி உங்கள் தோலின் நிறமே அல்ல, நிழல். கீழிமைக்கும் கன்னத்துக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு பள்ளம் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே ஆழமாக இருக்கும். வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு இறங்குவதால் மற்றவர்களுக்கும் ஆழமாகும். அந்தப் பள்ளத்தில் விழும் நிழலை எந்த விலைக்கு வாங்கிய கிரீமும் வெளுக்காது. ஆறு வாரம் பூசியும் மாற்றம் தெரியவில்லை என்கிறீர்களே, அதற்குப் பாதிக் காரணம் இது. கிரீம் மோசமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதனால் முடியாத வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் உண்மை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கையில் ஒரு கண்ணாடியோடு ஜன்னல் அருகே போய் நில்லுங்கள். முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். தலையை மெல்ல மேலும் கீழும் சாய்க்கும்போது கருமை கூடிக் குறைந்தால் அவ்வளவு பங்கு நிழலுக்கு. பிறகு கண்ணின் வெளிமுனைப் பக்கமாகத் தோலை ஒரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே அசையாமல் இருந்தால் அது நிறமி. தோலே கூடுதலாக மெலனின் சேர்த்துவைத்திருக்கிறது என்று பொருள். மேலிமையும் கூடவே பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இழுக்கும்போது நீலமாகவோ ஊதாவாகவோ இன்னும் தெளிவாகத் தெரிந்தால் அது அடியில் ஓடும் ரத்தக் குழாய்களின் நிறம். பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றும் ஆளுக்கொரு விகிதத்தில் கலந்திருக்கும். உங்கள் படங்களை வைத்து நான் சொல்வதானால் நிழல் பாதி, மீதியில் பெரும்பகுதி நிறமி, உள்முனையில் கொஞ்சம் நீலம். நேரில் பார்க்காமல் சொல்வது இது. ஜன்னல் சோதனை வேறு மாதிரி சொன்னால் அதை நம்புங்கள், என்னை அல்ல.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் கெட்டால் முகம் வெளிறும், கண் வீங்கும், அதனால் இருக்கிற கருமை எடுப்பாகத் தெரியும். இது உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரம் தூங்குகிறவரின் கருவளையத்துக்குத் தூக்கத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இது பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. தோல் மருத்துவரான எனக்கே "நேற்று இரவு தூங்கவில்லையா?" என்ற விசாரிப்பு முப்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் "இல்லை, நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

இனி கிரீமுக்கு வருவோம். கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. இமையில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அடியில் கொழுப்பு மெத்தை கிட்டத்தட்ட இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. ஆனால் வேலை அதிகம்: இமைக்கிறோம், சிரிக்கிறோம், வெயிலில் கண்ணைச் சுருக்குகிறோம். இப்படி ஓயாமல் மடிந்து விரியும் மெல்லிய தோலில் ஈரம் குறைந்தால் என்ன ஆகும்? கசங்கிய காகிதம்போலப் பொடிக்கோடுகள் விழும். நீங்கள் எழுதியிருக்கும் "சிரித்தால் விழும் பொடிக்கோடு" பெரும்பாலும் இந்த வறட்சிக் கோடுதான். நல்ல சேதி என்னவென்றால், கிரீம் உண்மையிலேயே சாதிக்கக்கூடிய காரியமும் இதுதான். அதுவும் சில நாட்களிலேயே.

ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் விலை உயர்ந்தவை அல்ல. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் இரண்டும் தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும். செராமைடு தோலின் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்துபோல, விரிசல்களை அடைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் போன்றவை மேலே மூடிபோட்டு ஈரம் ஆவியாகாமல் காக்கும். இந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்று இருந்தால் கிரீம் வேலை செய்யும். மலிவான கிரீமில் இருக்கும் கிளிசரினும் ஆடம்பரக் கிரீமில் இருக்கும் கிளிசரினும் ஒன்றேதான்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி தன் கைப்பையை மேசையில் கவிழ்த்துக்காட்டினார். ஏழு டியூப்கள். அவற்றில் இரண்டு ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள்: ஒன்று 50 மில்லிலிட்டர் முகக் கிரீம், மற்றது 15 மில்லிலிட்டர் கண் கிரீம். சின்னதுதான் விலை அதிகம். இருவரும் ஆளுக்கொரு பெட்டியை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலை மாற்றி மாற்றி வாசித்தோம். தண்ணீர், இங்கேயும் தண்ணீர். கிளிசரின், கிளிசரின். முதல் எட்டுப் பெயர்களும் வரிசை மாறாமல் ஒன்றாக வந்தன. ஒன்பதாவதில் கண் கிரீமுக்குக் கொஞ்சம் காஃபின், முகக் கிரீமுக்கு வாசனைத் திரவியம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "இதற்கா?" என்றார்.

எல்லாக் கண் கிரீமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த மேசையில் இருந்தது. முகத்துக்குப் பூசும் சாதாரண மாய்ஸ்சரைசரைக் கண்ணுக்குக் கீழேயும் பூசலாம், மூன்று நிபந்தனைகளோடு. அதில் வாசனை சேர்த்திருக்கக் கூடாது. "கண் பகுதியைத் தவிர்க்கவும்" என்ற எச்சரிக்கை இருக்கக் கூடாது. முகப்பருவுக்கோ தோலுரிப்பதற்கோ சேர்க்கும் அமிலங்கள் இருக்கக் கூடாது. இந்த மூன்றிலும் தேறிய கிரீம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், வறட்சிக்கென்று தனியாகக் கண் கிரீம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. விலை குறைந்த கண் கிரீம்களில் சிறந்தது பல வீடுகளில் முகக் கிரீம் என்ற பெயரில் இருக்கிறது.

தனியாக வாங்குவது என்று முடிவெடுத்தால் பெட்டியின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். "தோல் மருத்துவர்கள் சோதித்தது" என்றால் யார் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், என்ன முடிவு வந்தது என்பதற்கு அந்தச் சொற்றொடர் பொறுப்பல்ல. "ஒவ்வாமை தராதது" என்பதும் உத்தரவாதம் அல்ல. பெட்டியைத் திருப்புங்கள். பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதுவது பொது நடைமுறை. ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கொண்டாடப்படும் அபூர்வப் பூவின் சாறு, பின்பக்கத்தில் பதப்படுத்தும் பொருள்களுக்கும் கீழே ஒதுங்கி நிற்கிறது என்றால் அது ஒரு சொட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அந்தச் சொட்டுக்காகத்தான் விலை.

வாசனைத் திரவியம் பட்டியலில் எங்கே இருந்தாலும் வேண்டாம். "இயற்கையான" நறுமண எண்ணெய்களும் இதில் அடக்கம். தோலுக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது. இமைத் தோல் ஒவ்வாமைக்கு முதலில் இரையாகும் இடம். இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். இமையில் அரிப்பும் செதிலுமாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் நகங்களை. நகப்பூச்சில் உள்ள சில பொருள்கள் விரலில் ஒன்றும் செய்யாமல், அந்த விரல் தொட்ட இமையில் போய்த் தகராறு செய்யும். தலைச்சாயமும் அப்படித்தான். கிரீமின் மேல் பழி போடுவதற்கு முன் இதையும் யோசித்துப் பாருங்கள்.

டப்பாவா டியூபா என்றால், டியூப் அல்லது அழுத்து மூடி வைத்த குப்பிதான் என் தேர்வு. அகலமான வாயுள்ள டப்பாவில் தினமும் விரலை விட்டு எடுக்கிறோம், காற்றும் வெளிச்சமும் உள்ளே போகின்றன. வெறும் ஈரப்பதக் கிரீமுக்கு அது பரவாயில்லை. வைட்டமின் சி, ரெட்டினால் (வைட்டமின் ஏ-இன் ஒரு வடிவம்) போன்றவை காற்றிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழந்துவிடும். திறந்த டப்பாவின் சிறிய படம் போட்டு உள்ளே 6 அல்லது 12 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள்.

விலை குறைவான கிரீமில் வறட்சி போவதற்கு மேல் வேறு ஏதாவது கிடைக்குமா? கிடைக்கும். உங்களுக்கு நான் முதலில் சொல்வது நியாசினமைடு. இது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். தோலின் காப்பரணைப் பலப்படுத்தும். நிறமித் துகள்கள் மேல் தோலுக்கு வந்து சேர்வதைக் குறைக்கும். 4 அல்லது 5 சதவீதம் போதும். 10 சதவீதம் என்று பெருமையாக எழுதியிருப்பதைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம், சிலருக்குச் சுறுசுறுவென்று எரியும். இதன் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். விலையும் கட்டுக்குள் இருக்கும், ஏனென்றால் இது தயாரிக்க மலிவான, எளிதில் கெடாத பொருள்.

காஃபின், ரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கும். காலையில் கண் வீங்கி எழுகிறவர்களுக்குச் சில மணி நேரம் உதவும், மாலையில் பழைய கதை. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை ஐந்து நிமிடம் கண்மேல் வைத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும், காசு செலவில்லை. தலைக்கு இன்னொரு தலையணை வைத்துப் படுத்தால் இரவில் நீர் தேங்குவதும் குறையும். ஆனால் எந்த நேரமும் மாறாமல் இருக்கும் கண் பை நீர் அல்ல, முன்னே பிதுங்கிய கொழுப்பு. அதற்குக் கிரீம் இல்லை, அறுவைச் சிகிச்சைதான் உண்டு. உங்களுக்கு அது இல்லை.

பூசிய பத்தே நிமிடத்தில் தோல் இறுகிக் கோடு மறையும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது பொய் இல்லை, ஆனால் அந்த வித்தை வேறு. அவற்றில் சோடியம் சிலிக்கேட் போன்ற, காய்ந்தால் படலமாக இறுகும் பொருள் இருக்கும். முட்டை வெள்ளை கையில் காய்ந்தால் இழுப்பதுபோல. முகத்தைக் கழுவியதும் கோடுகள் திரும்பி வந்துவிடும். ஒரு மாலை நேர விழாவுக்கு வேண்டுமானால் சரி. தினமும் பூசினால் வறண்ட தோல் இன்னும் வறளும்.

ரெட்டினால் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கடையில் அதுதான் உங்கள் கையில் முதலில் அகப்படும். மெல்லிய கோடுகளுக்கு நிஜமான ஆதாரம் உள்ள பொருள் இது. கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும். மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். கண்ணருகே 0.1 சதவீதத்தில் தொடங்கலாம். வாரத்துக்கு இரண்டு இரவு, அதுவும் மாய்ஸ்சரைசர் பூசி அது உள்வாங்கிய பிறகு அதன் மேலே. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் தவிர்க்க வேண்டும். கண் வறட்சி நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம். கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது ரெட்டினால் பூசுவது, புண்ணில் உப்பு வைப்பது மாதிரி.

அந்த எரிச்சலைப் பார்ப்போம். அதற்கு இரண்டு வழிகளில் காரணம் இருக்கலாம், வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். தோல் சிவக்காமல், அரிக்காமல், கண்ணுக்குள் மட்டும் எரிந்தால் கிரீம் ஊர்ந்து உள்ளே போகிறது. உடல் சூட்டில் கிரீம் இளகும், படுத்திருக்கும்போது மேலேயும் நகரும். இமை முடி வரை பூசுகிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். தோலே சிவந்து, அரித்து, செதில் உதிர்ந்தால் அது கிரீமில் உள்ள ஏதோ ஒன்றை உங்கள் தோல் ஏற்கவில்லை என்பது. எப்படியானாலும் இரண்டு வாரத்துக்குக் கண்ணருகே எல்லாப் பூச்சையும் நிறுத்துங்கள், கண் மை உள்பட. மிகவும் வறண்டு இழுத்தால் இரவில் துளி பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் பூசுங்கள். அந்த இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

சரியான பிறகு புதிய கிரீமை நேரே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு நாணய அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். பொறுமை சோதிக்கப்படும்தான். ஆனால் முழங்கையில் வரும் தடிப்பைச் சட்டைக் கையால் மூடலாம், கண்ணுக்குக் கீழே வருவதை எதைக் கொண்டு மூடுவது?

இப்போது பூசும் முறை. கை கழுவுங்கள். முகம் கழுவித் துணியால் ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். அளவு: இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு மிளகு. இரண்டு மோதிர விரல்களின் நுனியிலும் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மோதிர விரலில் தனி மந்திரம் ஒன்றுமில்லை. அது நம்மிடம் இருப்பதிலேயே சோம்பேறி விரல், அழுத்தத் தெரியாது. கண்ணுக்குக் கீழே விரலை வைத்தால் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். கிரீம் அந்த எலும்பின் மேல்தான் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியில் அல்ல. வெளிமுனையில் தொடங்கி உள்முனை வரை நான்கைந்து புள்ளிகள் வைத்து, மெல்லத் தட்டித் தட்டி இணையுங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம். எலும்பிலிருந்து மேலே எவ்வளவு தேவையோ அவ்வளவு கிரீம் தானாகப் போய்ச் சேரும், உங்கள் எரிச்சலே அதற்குச் சாட்சி. இரவில் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பூசிவிட்டால் தலையணைக்குப் போவதற்குள் உள்வாங்கிவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் காலையில் லென்ஸைப் போட்ட பிறகு கிரீம், இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகு கிரீம்.

மிளகளவு என்பது சுமார் 0.1 மில்லிலிட்டர். காலையும் இரவும் பூசினால் நாளொன்றுக்கு 0.2. அப்படியென்றால் 15 மில்லிலிட்டர் டியூப் இரண்டரை மாதம் வரும். உங்களுடையது அதற்குள் தீர்ந்தால் அதிகமாகப் பூசுகிறீர்கள். அதிகம் பூசினால் அதிகப் பலன் இல்லை. மாறாக, கெட்டியான கிரீமைத் தினமும் அப்பினால் சிலருக்குக் கண்ணைச் சுற்றிக் கடுகளவில் வெள்ளை மணிகள் தோன்றும். மிலியா என்போம், ஆபத்தில்லை, ஆனால் கிள்ளி எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கைக் கடையிலும் போட்டுப் பாருங்கள்: விலையை மில்லிலிட்டரால் வகுத்தால் எது மலிவு என்று தெரியும். சின்ன டியூபின் குறைந்த விலை பல நேரம் கண்ணை ஏமாற்றும்.

நிறமி குறைய வேண்டும் என்றால் கிரீமைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, சன்ஸ்கிரீன். காலையில் நியாசினமைடு பூசிவிட்டு வெயிலில் இறங்குவது, ஒரு கையால் துடைத்து மறுகையால் அழுக்காக்குவது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், துத்தநாக ஆக்சைடு உள்ள வகை கண்ணை அவ்வளவாக எரிக்காது. அதையும் எலும்பு விளிம்பு வரை பூசினால் போதும். மீதிக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி, அகலமான விளிம்புள்ள தொப்பி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் உள்ளேயும் இது தேவை. தோலைக் கறுக்கவைக்கும் யுவிஏ கதிர்கள் சாதாரணக் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும்.

உங்கள் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் கேட்கிறேன்: கண்ணைக் கசக்குவீர்களா? திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கண் உலர்கிறது, உறுத்துகிறது, கை தானாக மேலே போகிறது. கசக்கக் கசக்க அந்த மெல்லிய தோல் அழற்சி கண்டு, ஆறும்போது கறுக்கிறது. மூக்கடைப்பு, தும்மல், கண் அரிப்பு என்று ஒவ்வாமை இருப்பவர்களுக்குக் கருவளையம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு நான் கிரீமை விட்டுவிட்டு ஒவ்வாமைக்குத்தான் மருந்து எழுதுவேன். வறட்சிக்கு மருத்துவர் சொல்லும் கண்ணீர்ச் சொட்டு மருந்தும், திரையிலிருந்து அவ்வப்போது கண்ணை எடுத்துத் தூரத்தைப் பார்ப்பதும், எந்தக் கண் கிரீமைவிடவும் உங்களுக்கு உதவலாம். ஒப்பனையைக் கலைக்கும்போதும் இப்படியே. நனைத்த பஞ்சைக் கண்மேல் சில நொடி வைத்து ஊறவிட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வெளுக்கும் கிரீம்களைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் அற்புதமாக வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வலைபோலத் தெரியும். இமையில் நெடுநாள் பூசினால் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம், கண்புரையும் வரலாம். நிறமியைக் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுயினோனும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூடாது. சமையலறையில் இருக்கும் புளிப்புச் சாறுகளையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கிரீம் விஷயமே அல்லாத சில நிலைகளும் உண்டு. ஒரு கண் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் காலையில் இரு கண்ணும் உப்பி, காலிலும் வீக்கம் இருந்தால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும். மூச்சு வாங்கல், அசதி, வெளிறிய இமை உள்பக்கம் என்றால் ரத்தச்சோகை இருக்கலாம், ஹீமோகுளோபின் பாருங்கள். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவர்களுக்குச் சில வகை மருந்துகளால் இமையைச் சுற்றித் தோல் கறுப்பதுண்டு. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். இரண்டு வாரம் ஓய்வு. பிறகு வாசனையில்லாத, கிளிசரினும் செராமைடும் உள்ள, விலை குறைந்த மாய்ஸ்சரைசர் காலையும் இரவும். ஒரு மாதம் எரிச்சலில்லாமல் போனால் இரவில் 4 சதவீத நியாசினமைடு. காலையில் சன்ஸ்கிரீன் தவறாமல். பொடிக்கோடு முதல் வாரத்திலேயே மழுங்கும். பழுப்பு நிறம் மூன்று மாதத்தில் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. மாதம் ஒரு முறை அதே ஜன்னல், அதே நேரம், அதே நாற்காலியில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கூரை விளக்கின் கீழே எடுக்காதீர்கள், வீணாக மனம் சோர்வீர்கள். நிழல் அப்படியேதான் இருக்கும். அது உறுத்தும் நாளில், தோலின் நிறத்தைவிட ஒரு படி வெளுத்த, சற்றே செம்மஞ்சள் சாயல் உள்ள கன்சீலரை அந்தப் பள்ளத்தில் மட்டும் ஒற்றிக்கொள்ளுங்கள். பள்ளத்தை நிரப்ப ஊசி இருக்கிறது. ஆனால் அது செலவு பிடிக்கும், அரிதாக ரத்தக் குழாயை அடைத்துப் பார்வையையே பாதிக்கும். விலை குறைவாக வேண்டும் என்று கேட்டு எழுதியவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசியாக, அந்த விலை உயர்ந்த டப்பா. தூக்கிப்போட மனம் வராது, எனக்குத் தெரியும். திறந்து எத்தனை மாதம் என்று அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் இருந்து, வாசனை திரியாமல் இருந்து, உங்கள் தோல் சிவக்காமல் கண் மட்டும் எரிந்தது என்பது உறுதியானால், இரவில் புறங்கையிலும் குதிகாலிலும் பூசித் தீர்த்துவிடுங்கள். தோல் சிவந்திருந்தால் குதிகாலுக்கும் வேண்டாம்.